16 கேஜாகப் போனது, 20 கேஜாக வந்தது: ஒரு ஸ்லீவிங் வேலையின் விமர்சனம்

முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்களை ஸ்லீவ் செய்து, அதாவது பின்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் குழல் பொருத்தி, 16 கேஜை 20 கேஜாக மாற்றித் தந்த வேலைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குழல் வேலை அருமை. எடையைக் கையாண்ட விதம் அதைவிட அருமை. சுட்ட தோட்டாவை வெளியே தூக்கும் எக்ஸ்ட்ராக்டர்தான் முதல் தடவை சொதப்பல். திருப்பி அனுப்பிச் சரிசெய்து வாங்கினேன். குறைத்த ஒரு மதிப்பெண் அதற்காக. வேலை செய்த கன்ஸ்மித்தின் (துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின்) பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. இந்த வேலையை யாரிடம் கொடுத்தாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

துப்பாக்கி ஒரு சாதாரண பாக்ஸ்லாக் சைடு பை சைடு, அதாவது இரு குழல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. பெரிய பெயர் கொண்ட கம்பெனியின் சரக்கு இல்லை. ஆனால் கட்டை எனக்கென்றே செதுக்கியதுபோல் பொருந்தும். தோளுக்குத் தூக்கினால் கண் தானாகக் குழல்களுக்கு நடுவே ஓடும் ரிப் பட்டையின்மேல் போய் உட்காரும். களிமண் தட்டு சுடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பிரச்சினை குழல்களில். உள்ளே துருக் குழிகள், அதுவும் தோட்டா உட்காரும் சேம்பரைத் தாண்டிய உடனே. யாரோ முன்பே ஒருமுறை உள்ளே தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சுவர் கனத்தை அளந்தால் முன்பாதியில் ஓரிடத்தில் அரை மில்லிமீட்டரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இன்னொரு தடவை தேய்க்க அங்கே எஃகு இல்லை. போதாக்குறைக்கு சேம்பர் 65 மில்லிமீட்டர். இன்று கிடைக்கிற கொஞ்சநஞ்ச 16 கேஜ் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70. நீளமான தோட்டாவைக் குட்டை சேம்பரில் போட்டால் உள்ளே போய்விடும், மூடியும்விடலாம். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் சேம்பருக்கு முன்னால் இருக்கும் கூம்புக்குள் மாட்டி, அழுத்தம் ஏறும். ஆக, யானை இருக்கிறது, தீனிதான் இல்லை.

கேஜ் கணக்கு புதியவர்களுக்காக ஒரே வரியில்: குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்குமோ அதுதான் கேஜ். எண் கூடக்கூட விட்டம் குறையும். 12 கேஜ் 18.5 மில்லிமீட்டர், 16 கேஜ் 16.8, 20 கேஜ் 15.6, 28 கேஜ் 14. இந்தக் கணக்கில் சேராத ஒன்று .410; அது நேரடியாக அங்குல அளவு, 10.4 மில்லிமீட்டர்.

சரி, ஸ்லீவிங் என்றால் என்ன? பலர் நினைப்பதுபோல் பழைய குழலுக்குள் ஒரு சின்னக் குழாயைச் செருகுவது இல்லை. பழைய குழல்களைப் பின்முனையிலிருந்து ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் விட்டு அறுத்துவிடுவார்கள். மிஞ்சுவது அந்தப் பின்துண்டு மட்டும். கீலில் மாட்டும் கொக்கியும், பூட்டு கவ்வும் லம்ப்புகளும், பூட்டும் சுடும் பொறியும் உள்ள நடுப்பாகமான ஆக்‌ஷனோடு இழை பிசகாமல் பொருந்துகிற தட்டைப் பரப்பும் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியில் கையால் ராவிப் பொருத்த அதிகக் காலம் பிடிக்கும் இடம் அதுதான். அதைக் காப்பாற்றிக்கொண்டு, அதன் இரு ஓட்டைகளையும் பெரிதாகக் குடைந்து, புதிய எஃகுக் குழல்களைப் பின்னாலிருந்து முன்வரை இறுக்கமாகப் பொருத்துகிறார்கள். சிலர் ஈயப் பற்று வைப்பார்கள், சிலர் பொறியியல் பசை, சிலர் வெளி இணைப்பில் டிக் வெல்டிங். பிறகு ரிப்புகளைத் திரும்ப ஒட்டி, சேம்பர் வெட்டி, முன்முனையில் ரவையின் பரவலைக் கட்டுப்படுத்தும் குறுக்கமான சோக் அமைத்து, நிறமேற்ற வேண்டும். பெரெட்டா போன்ற நிறுவனங்கள் புதிதாகவே குழல்களை இந்த மோனோபிளாக் அமைப்பில்தான் செய்கின்றன. எனவே 'ஒட்டுப்போட்ட துப்பாக்கி' என்று முகம் சுளிப்பவர்களுக்கு அதுவே பதில்.

கேஜ் மாற்றும்போது ஒரு திசைதான் உண்டு: விட்டம் பெரியதிலிருந்து சிறியதுக்கு. பின்துண்டில் இருக்கிற எஃகு அவ்வளவுதான். 20 கேஜைக் குடைந்து 12 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் என் கன்ஸ்மித் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்தது. குழல்களைப் பார்க்கவே இல்லை. முன்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியை மூடி, கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, குழலுக்கும் ஆக்‌ஷன் முகத்துக்கும் நடுவில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்தார். தளர்ந்த ஆக்‌ஷனை எந்த ஸ்லீவும் இறுக்காது. கீல் தேய்ந்திருந்தால் முதலில் அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். 'இது ஆடியிருந்தால் வேலையை எடுத்திருக்க மாட்டேன்' என்றார்.

அடுத்து அழுத்தம். சின்னத் தோட்டா என்றால் மென்மையான தோட்டா என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. அழுத்தக் கணக்கில் அது தலைகீழ். ஐரோப்பாவில் பின்பற்றும் சி.ஐ.பி. என்ற துப்பாக்கிச் சோதனை அமைப்பின் அளவுப்படி சாதாரணத் தோட்டாக்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 12 கேஜுக்கு 740 பார், 16க்கு 780, 20க்கு 830. அமெரிக்காவின் சாமி (SAAMI) என்ற தயாரிப்பாளர் அமைப்பின் அளவிலும் அதே போக்குதான்: 12 கேஜ் 11,500 பி.எஸ்.ஐ., 20 கேஜ் 12,000, 28 கேஜ் 12,500. அப்படியானால் பழைய ஆக்‌ஷன் தாங்குமா என்று கேட்கலாம், நானும் கேட்டேன். ஆக்‌ஷன் முகத்தில் விழும் உதை என்பது அழுத்தத்தைத் தோட்டா அடிப்பரப்பால் பெருக்கி வருவது. 16லிருந்து 20க்கு வரும்போது அழுத்தம் ஆறு சதவீதம் போலக் கூடினாலும் பரப்பு அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. மொத்த உதை சற்றுக் குறைகிறதே தவிர கூடவில்லை. குழல் சுவருக்கு வரும் அழுத்தம்தான் நிஜமாகவே அதிகம், அதைத் தாங்குவதோ புதிய எஃகு.

ஆனாலும் கணக்கு கணக்குதான், சோதனை சோதனைதான். பிரிட்டன் மாதிரி பிரூஃப் சோதனை கட்டாயமாக இருக்கிற நாடுகளில் ஸ்லீவ் செய்த துப்பாக்கியை மறுபடி பிரூஃப் இல்லத்துக்கு அனுப்பி, வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய சோதனைத் தோட்டாக்களால் சுட்டு முத்திரை வாங்க வேண்டும். பர்மிங்காம் பிரூஃப் இல்லம் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. இந்த விஷயத்தில் அங்கே விளையாட்டே கிடையாது. பிரிட்டிஷ் விதிப்படி குழலில் 'ஸ்லீவ்டு' என்ற சொல்லையும் பொறித்தாக வேண்டும், பின்னால் வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க. கட்டாய பிரூஃப் இல்லாத இடங்களில் வேலை செய்கிறவரின் மனசாட்சியை நம்பித்தான் இருக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள், சோதனைத் தோட்டா போட்டுப் பார்த்தாரா, எப்படிப் பார்த்தார் என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பல நாடுகளில் உரிமத்தில் கேஜ் எழுதப்பட்டிருக்கும். குழலை அறுத்த பிறகு அலுவலகத்துக்கு ஓடுவதைவிட அறுக்கும் முன்னால் போய்க் கேட்டுவருவது நல்லது.

வந்த பொருளைப் பற்றி இனி. நான் அளவுக் கருவிகளோடு பிழைப்பு நடத்துகிறவன். பெட்டியைப் பிரித்ததும் மைக்ரோமீட்டரைத்தான் தேடினேன். இரண்டு குழலும் நடுப்பகுதியில் 15.7, ஒன்றுக்கொன்று நூறில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதைவிட நல்ல சோதனைக்குக் கருவியே வேண்டாம். குழல்களைக் கழற்றி, ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பைப் பின்முனை வழியாகப் பாருங்கள். உட்சுவரில் அந்த விளிம்பின் நிழல் ஒரு கோடாக ஓடும். குழலை மெதுவாகச் சுற்றும்போது அந்தக் கோடு எங்கும் நெளியாமல் நேராக இருந்தால் குழல் நேர். வளைவு இருந்தால் கோடு ஓரிடத்தில் உடைந்து துள்ளும். என் வலது குழலில் கோடு கத்தி வைத்துக் கீறியதுபோல் போனது. இடதிலும் அப்படியே.

இணைப்பைத் தேட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஈயப் பற்றில் செய்தால் அந்த இடத்தில் மயிரிழைபோல ஒரு வளையம் தெரியும். அதை மறைக்க மேலே கோலம் மாதிரி ஒரு செதுக்கு வேலை போடுவார்கள். என்னுடையதில் டிக் வெல்டிங் செய்து ராவி மெருகேற்றியிருக்கிறார். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாய்வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கருநிறம் ஒரு விரல் அகலத்துக்கு லேசாகச் செம்பழுப்பாக மாறுகிறது. வெல்டிங் சூட்டில் எஃகின் தன்மை மாறிய இடத்தில் நிறமேற்றம் வேறு மாதிரி பிடிக்கும். குறையாகச் சொல்லவில்லை, இருக்கிறது என்று சொல்கிறேன். விரல் நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை.

எடை பற்றிப் பேசாத ஸ்லீவிங் விமர்சனத்தை நம்பாதீர்கள். கேஜ் மாற்றும் வேலையில் மனிதர்கள் ஏமாறுகிற இடமே இதுதான். கணக்கைப் பாருங்கள். 71 சென்டிமீட்டர் குழல். வெளி அளவை அப்படியே வைத்துக்கொண்டு உள்விட்டத்தை மட்டும் 16.8லிருந்து 15.6 ஆக்கினால், ஒவ்வொரு குழலிலும் ஏறக்குறைய 170 கிராம் எஃகு கூடுதலாக உட்காரும். இரண்டுக்கும் 340 கிராம், அதில் பெரும்பகுதி கீலுக்கு முன்னால். துள்ளிக்கொண்டு எழும் துப்பாக்கி கடப்பாரையாகிவிடும். பழைய ரிப்புகள் அப்படியே பொருந்திவிடும் என்பதால் வெளி அளவை மாற்றாமல் விடுவது வேலை செய்கிறவருக்கு வசதி. வசதி அவருக்கு, கைவலி நமக்கு.

நான் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்: முழு எடை நூறு கிராமுக்கு மேல் கூடக் கூடாது, சமநிலைப் புள்ளி இரண்டு விரல்கடைக்கு மேல் முன்னே போகக் கூடாது. அவர் முகம் கொஞ்சம் கோணியது, ஆனால் ஒப்புக்கொண்டார். புதிய குழல்களின் வெளிப்புறத்தை, பின்துண்டைத் தாண்டியதும் 20 கேஜுக்கு உரிய மெல்லிய வடிவத்தில் இழைத்திருக்கிறார். அதற்கேற்ப ரிப்புகளின் பக்கங்களையும் வளைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. தராசில் வைத்தேன். போகும்போது 2.70 கிலோ, வரும்போது 2.79. துப்பாக்கியை ஒரு நூல் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்ததில் சமநிலைப் புள்ளி 12 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்திருக்கிறது. முதலில் தூக்கியபோது முன்பாரம் தெரிந்தது. சுடும்போது அது பிடித்துப்போனது. குறுக்கே பறக்கும் தட்டைத் தொடர்ந்து போகையில் குழல் நடுவில் நின்றுவிடாமல் தன் போக்கில் ஓடுகிறது.

அந்தக் காலத்து ஆங்கிலத் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் சொல்லிவைத்த ஒரு விதி உண்டு. துப்பாக்கியின் எடை, அது வீசும் ரவையின் எடையைப்போல 96 மடங்கு இருக்க வேண்டும் என்பது. 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ. அதாவது என் துப்பாக்கி 16 கேஜாக இருந்தபோது சரியாக விதிப்படி இருந்தது. இப்போது சுடுவது 24 கிராம், அதற்கு 2.3 கிலோவே போதும்; கையில் இருப்பது 2.8. உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. நாள் முழுவதும் சுட்டாலும் தோள் கேட்காது.

இனி அந்த எக்ஸ்ட்ராக்டர் கதை.

20 கேஜ் தோட்டாவின் விளிம்பு வட்டம் 16 கேஜைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சிறியது. பழைய எக்ஸ்ட்ராக்டரின் பிறைகள் பெரிய வட்டத்துக்கு வெட்டப்பட்டவை. அதை அப்படியே வைத்தால் சின்ன விளிம்பைச் சரியாகக் கவ்வாது. ஒன்று, புது எக்ஸ்ட்ராக்டர் செய்ய வேண்டும். அல்லது பழையதில் வெல்டிங் நிரப்பி, புதிய வட்டத்துக்கு மறுபடி வெட்ட வேண்டும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதில் தவறில்லை. நிரப்பிய உலோகத்தை வெட்டும்போது விளிம்புக்கான படி ஒரு பக்கம் ஆழம் குறைந்துவிட்டது. பார்த்தால் தெரியாது. காலித் தோட்டா போட்டுத் திறந்து மூடினால் அழகாக எழும்பி வரும். அவரும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

சுட்டதும்தான் வேடிக்கை. வெடித்த தோட்டா சேம்பர் சுவரில் சற்று ஒட்டிக்கொண்டு நிற்கும், எக்ஸ்ட்ராக்டர் இழுக்க வேண்டும். இடது பக்கத்தில் அது இழுக்காமல் விளிம்பின்மேல் வழுக்கித் தாண்டிவிடும். தாண்டினால் தோட்டா மறுபடி சேம்பருக்குள் போய், அதன் விளிம்பு எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி மூடவும் மூடாது, தோட்டா வரவும் வராது. முன்கட்டையைக் கழற்றி, எக்ஸ்ட்ராக்டரை விரலால் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் முன்முனையிலிருந்து துடைக்கும் கம்பியை விட்டுத் தள்ள வேண்டும். வரிசையில் நிற்கிற மற்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் இல்லை.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விளங்கியது. வலது பிறையில் தோட்டா விளிம்பு உட்காரும் படி கூர்மையாக, சதுரமாக நிற்கிறது. இடதில் கீழ்ப்பாதி வரை சரி, மேல்பாதியில் படி தேய்ந்து சரிவாகியிருக்கிறது. விளிம்புக்கு வழுக்கிப் போகப் பாதை போட்டுக்கொடுத்ததுபோல. படம் எடுத்து அனுப்பினேன். அவர் வாதாடவில்லை, கூடுதல் கூலியும் கேட்கவில்லை. இடது பக்கத்தை மறுபடி நிரப்பி வெட்டித் தந்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மாட்டவில்லை. ஆனாலும் இதை வேலை முடிந்த அன்றே நிஜத் தோட்டா சுட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். குழலில் காட்டிய அக்கறையில் பாதி இங்கே போதுமாக இருந்தது. சுட்ட தோட்டாவைத் தானாக வெளியே எறியும் எஜெக்டர் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே ஸ்பிரிங் வேகம் வேறு சேர்ந்துகொள்ளும், படி சரியில்லாவிட்டால் தாண்டுவது இன்னும் சுலபம்.

காகிதத்தில் சுட்ட கதை சுருக்கமாக. சைடு பை சைடில் ஒவ்வொரு குழலும் நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில் இருப்பதால், வலது குழல் வெடித்தால் உதை துப்பாக்கியை வலப்புறம் திருப்பும், இடது என்றால் இடப்புறம். அதை ஈடுகட்டத்தான் குழல்களை முன்முனையில் சற்று நெருங்கி வருமாறு இணைக்கிறார்கள். உதை குறைந்தால் திரும்பல் குறையும். பழைய கோணத்திலேயே இணைத்தால் வலது குழல் இடப்பக்கமும் இடது குழல் வலப்பக்கமும் சுடும். ஆகவே எந்தத் தோட்டாவைச் சுடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 24 கிராம் என்று சொல்லியிருந்தேன். 40 கெஜத்தில் இரண்டு குழலின் மையமும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. இதற்கு மேல் கேட்பது பேராசை.

சோக் மட்டும் நினைத்ததைவிட இறுக்கம். 16 கேஜ் காலத்தில் இடது குழலில் இருந்த அதே குறுக்கத்தை, அங்குலத்தில் இத்தனை ஆயிரத்தில் பங்கு என்று எண் மாறாமல் புதிய குழலுக்கும் கொண்டுவந்துவிட்டார். சின்ன விட்டத்தில் அதே குறுக்கம் இன்னும் இறுக்கமாக வேலை செய்யும். 40 கெஜத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் எழுபது சதவீதத்துக்கு மேல் ரவை விழுகிறது. அது ஃபுல் சோக் கணக்கு. தூரத்துத் தட்டுக்குச் சரி, கிட்டத்தில் வருவதைத் தொடுவது கஷ்டம்.

இதையெல்லாம் சொன்னால் ஒருவர் கேட்பார்: எதற்கு இந்த வம்பு, உள்ளே போட்டு எடுக்கும் டியூப் வாங்கினால் போதாதா? கேட்க வேண்டிய கேள்விதான். பறக்கும் தட்டுகளைச் சுடும் அமெரிக்க ஸ்கீட் போட்டியில் 12, 20, 28, .410 என நான்கு கேஜிலும் சுட வேண்டும். நான்கு துப்பாக்கி தூக்கிக்கொண்டு அலையாமல் ஒரே 12 கேஜ் ஓவர் அண்டர் (குழல்கள் மேலும் கீழுமாக இருக்கும்) துப்பாக்கிக்குள் முழுநீள டியூப்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ப்ரைலி போன்ற நிறுவனங்கள் இதற்குப் பெயர்போனவை. குழாய் அலுமினியம், சேம்பர் பகுதி மட்டும் எஃகு அல்லது டைட்டானியம். ஏன் அலுமினியம் என்பதற்கும் மேலே போட்ட கணக்கே பதில். 12 கேஜ் குழலுக்குள் 20 கேஜுக்கு எஃகில் நிரப்பினால் இரண்டு குழலுக்கும் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறும். 28 கேஜுக்கு ஒரு கிலோவைத் தாண்டும். அலுமினியத்தில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

நண்பர் ஒருவரின் டியூப் போட்ட துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் சுடுகிறது. அவருக்கு அதுதான் சரி, ஏனென்றால் அவருக்கு 12 கேஜும் வேண்டும். எனக்கு வராத விஷயம், ஒவ்வொரு முறையும் கம்பியும் சுத்தியும் வைத்துத் தட்டி ஏற்றித் தட்டி இறக்குவது. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சுட்டு முடித்த கையோடு எடுக்கப் பார்த்தால் பிடிவாதம் பிடிக்கும், ஆறவிட வேண்டும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பையில் 12 கேஜ் தோட்டாவும் 20 கேஜ் தோட்டாவும் கலந்து கிடக்கும். டியூப் இல்லாத 12 கேஜ் குழலில் 20 கேஜ் தோட்டா விழுந்தால் சேம்பரைத் தாண்டிப் போய் உள்ளே சிக்கும், பின்னால் இருந்து பார்த்தால் காலியாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும், கையும் போகலாம். 20 கேஜ் தோட்டா உறைக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். என்னுடையதில் அந்தக் கவலை இல்லை: இருப்பது ஒரே கேஜ், பழைய 16 தோட்டா உள்ளே நுழையவே நுழையாது.

தோட்டா நீளத்துக்கு மட்டும் வரும் குட்டி அடாப்டர்கள் வேண்டாம். ரவையும் அதன் பின்னால் வரும் 'வாட்' என்ற அடைப்பும் சின்ன அடாப்டரை விட்டுப் பெரிய குழலுக்குள் குதித்ததும் வாயு பக்கவாட்டில் கசியும், வேகம் இறங்கும், பரவல் தாறுமாறாகும். தகரடப்பா சுடலாம்.

டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு எஃகுப் பட்டைகளைச் சுருளாகச் சுற்றி அடித்துச் செய்த பழைய குழல், வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லீவிங் என்றால் அந்தச் சுருள் வேலைப்பாடு மொத்தமும் அறுபட்டுப் போகும், பின்துண்டில் மட்டும் மிஞ்சும். அது நெஞ்சுக்கு ஆகாதென்றால் இங்கிலாந்தின் டீக் செய்வதுபோல, பழைய குழலை உள்ளே குடைந்து முழுநீளத்துக்கு மெல்லிய எஃகு லைனர் ஒட்டுகிற முறையைப் பாருங்கள். வெளித்தோற்றம் அப்படியே நிற்கும். பெரும்பாலும் அதே கேஜில் உயிர் கொடுக்கத்தான் அதைச் செய்கிறார்கள், கேஜ் மாற்ற அல்ல.

யாருக்கு இந்த வேலையைச் சிபாரிசு செய்வேன்? ஆக்‌ஷன் கெட்டியாக, கட்டை பொருத்தமாக, குழல் மட்டும் போய்விட்ட துப்பாக்கி வைத்திருப்பவருக்கு. ஒரு படி இறங்குகிறவருக்கு: 12லிருந்து 16, 16லிருந்து 20. 12 கேஜ் உடம்பில் 28 கேஜ் குழல் போட ஆசைப்படுகிறவரைத் தடுக்க மாட்டேன். ஆனால் அகலமான ஆக்‌ஷன், ஒல்லிக் குழல் என்று பார்க்கவே ஒட்டாது. கனமாக விட்டாலோ தூக்கவே முடியாது. பெயர்பெற்ற கம்பெனியின் துப்பாக்கி என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். ஸ்லீவ் செய்ததும் அதன் விலை நிச்சயம் இறங்கும்; அந்தக் கம்பெனியிடமே புதுக்குழல் போட்டுக்கொள்வது எத்தனை மடங்கு செலவானாலும் மதிப்பு நிற்கும். லாபம் பார்க்க நினைப்பவருக்கு இது தொழில் இல்லை. வேலைக்கான செலவு ஒரு நல்ல பழைய 20 கேஜ் வாங்குகிற செலவை நெருங்கிவிடும். நான் கொடுத்தது கட்டை தோளில் உட்காருகிற அந்தப் பொருத்தத்துக்கு.

வேலை கொடுக்கும்போது காகிதத்தில் எழுதி வாங்க வேண்டியவை என் கணக்கில் இவ்வளவுதான்: முடிந்த எடை எவ்வளவு, சமநிலைப் புள்ளி எங்கே, எந்தத் தோட்டாவுக்கு இணைக்கப்படுகிறது, சோக் சதவீதத்திலா எண்ணிலா, எக்ஸ்ட்ராக்டர் புதிதா நிரப்பியதா, நிஜத் தோட்டா சுட்டுப் பார்த்தாரா. இதற்கெல்லாம் பதில் சொல்ல எரிச்சல்படுகிறவரிடம் கொடுக்காதீர்கள். என்னவர் எரிச்சல்பட்டார், ஆனால் சொன்னார்.

அடுத்து எண்ணெய் போட்டுப் பார்க்கக் கொடுக்கும்போது இடது சோக்கை ஐம்பது சதவீதத்துக்குத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே எஃகு தாராளமாக இருப்பதால் அது ஒரு மதிய வேலைதான் என்கிறார். வலதைத் தொட வேண்டாம் என்று துண்டுச் சீட்டு எழுதிக் குழலிலேயே கட்டி அனுப்பப்போகிறேன்.